கெப்புக்குப் பிரேக் பைப் தேடுதல்

கடைக்குப் போய் "ஹைலக்ஸுக்குப் பிரேக் பைப் இருக்கா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். இரத்தினபுரியிலும் அதுதான், பலாங்கொடையிலும் அதுதான், கேகாலையிலும் அதுதான். பிரேக் சூ, வீல் சிலிண்டர் கிட், டிஸ்க் பேட் எல்லாம் வாகனத்தின் பேரைச் சொன்னால் கிடைக்கும். செசியை ஒட்டி ஓடுகிற இரும்புப் பைப் அப்படிக் கிடைக்கிற சாமான் இல்லை. கம்பனிக்காரன் வளைத்து அனுப்புகிற பைப், முன்னாலிருந்து பின் அச்சுவரை ஆள் நீளத்துக்கும் அதிகம். அதைக் கப்பலில் கொண்டுவந்து அலமாரியில் அடுக்கிவைக்கிற கடை நம் பக்கத்தில் இல்லை. ஆகவே பேரைச் சொல்லித் தேடுவதை விடுங்கள். கையில் நான்கு விபரம் வேண்டும்: பைப்பின் விட்டம், அதன் வாய் மடிக்கப்பட்டிருக்கும் விதம், நட்டின் புரி, நீளம். இந்த நான்கும் தெரிந்தால் வாகனம் டொயோட்டாவா மிட்சுபிஷியா என்பதே கடைக்காரருக்கு வேண்டியதில்லை. பைப்பை வாங்குவதில்லை, செய்விக்கிறோம். இந்த அத்தியாயம் முழுவதும் அதைப்பற்றித்தான்.

தோட்டப் பகுதியில் இந்த வேலை இப்போது ஏன் இவ்வளவு வருகிறது என்றால், வாகனங்களுக்கு வயதாகிவிட்டது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது. அந்த ஐந்து வருடமும் இருந்ததையே ஓட்டினோம். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்குப் போனபோது உதிரிப்பாகத்தின் விலையும் கூடவே ஏறியது. மாற்ற வேண்டியதைத் தள்ளிப்போடாத ஆள் இல்லை. தள்ளிப்போட்டதில் முதலிடம், கண்ணுக்குத் தெரியாத பைப்புக்கு. எல்.என். 106 ஹைலக்ஸ், பழைய எல்200, டி21 நிசான், தோட்டத்துப் பழைய லேண்ட் ரோவர் என்று மலையில் இன்று ஓடுகிறவற்றில் பல, முப்பது வருடத்துக்கு முன் பூட்டிய பைப்போடேயே ஓடுகின்றன.

எங்கே பார்ப்பது

பெடல் மெதுவாகக் கீழே இறங்குகிறது, பிரேக் ஒயில் தாங்கி அடிக்கடி குறைகிறது, டயரின் உட்பக்கத்தில் ஈரம் தெரிகிறது என்றால் எல்லாமே பைப்பின் குற்றம் இல்லை. டயரின் உட்பக்க ஈரம் பெரும்பாலும் வீல் சிலிண்டர். எங்கும் ஈரம் இல்லாமல் பெடல் மட்டும் அமுங்கிப்போனால் மாஸ்டர் சிலிண்டரின் உள்வொஷர். தாங்கி குறைந்துகொண்டே வந்து, நின்ற இடத்தில் வாகனத்தின் நடுப்பகுதிக்குக் கீழே சொட்டு விழுந்தால் அப்போது பைப்பைச் சந்தேகிக்கலாம்.

வாகனத்தைச் சமதரையில் நிறுத்தி, சில்லுக்குக் கட்டை வைத்து, கீழே படுத்து வெளிச்சம் பிடித்துப் பாருங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போக வேண்டாம். மூன்று இடம் முக்கியம்: பைப்பை செசியோடு பிடித்திருக்கிற கிளிப்புகளின் அடி, பின் அச்சின் மேலே பைப் இரண்டாகப் பிரியும் இடம், எரிபொருள் தாங்கிக்கு மேலே, கை போகாத அந்தச் சந்து. வெளியே தெரிகிற பைப் பளபளப்பாகவே இருக்கும். கிளிப்பைக் கழற்றிப் பார்த்தால் அடியில் பைப் செதில் செதிலாக உரிந்திருக்கும். கிளிப்பின் உள்ளே இருக்கும் இறப்பர் துண்டு அதிர்வு தாங்குவதற்காக வைத்தது. அதே துண்டுதான் சேற்றையும் ஈரத்தையும் மாதக்கணக்கில் பிடித்துவைக்கிறது.

ஸ்குரூ டிரைவர் நுனியால் துருவை மெதுவாகச் சுரண்டிப் பாருங்கள். மேலே பழுப்பு நிறம் மட்டும் என்றால் கவலை இல்லை. குழிகுழியாக இருந்தால், அல்லது நகம் தட்டுப்படும் அளவுக்குப் பள்ளம் இருந்தால், அந்தப் பைப்பின் காலம் முடிந்தது. அந்த ஓர் இடத்தை மட்டும் வெட்டி ஒட்டலாமா என்று கராஜ் பாஸ் கேட்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள். ஓர் இடம் போயிருந்தால் அதே வயதுள்ள மற்ற இடங்களும் வரிசையில் நிற்கின்றன. முன்னிருந்து பின்வரை ஓடும் நீளப் பைப்பை முழுதாக மாற்றுவதுதான் கடைசியில் மலிவு.

பனி இல்லாத ஊரில் உப்பு

பிரேக் பைப் துருப்பிடிப்பது குளிர் நாட்டு வருத்தம் என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் பனியை உருக்க ரோட்டில் உப்புப் போடுவார்கள். அந்த உப்பு வாகனத்தின் அடியைத் தின்னும். ஜி.எம். நிறுவனத்தின் பழைய பிக்கப்களில் பைப் துருவைப்பற்றி அந்த நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனம் வருடக்கணக்காக விசாரித்து, 2015 ஏப்ரலில் கோப்பை மூடியது. திரும்ப அழைக்கும் உத்தரவு போடவில்லை. பைப்பின் பூச்சு வயதாகித் தேய்வது இயல்பு, வாகனத்தின் அடியைக் கழுவுங்கள் என்று உரிமையாளர்களுக்கு ஆலோசனை சொன்னது. உரிமையாளர்களுக்கு இதில் திருப்தி இல்லைதான். ஆனால் நமக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது, ஏனென்றால் நம் தோட்டத்திலும் உப்பு இருக்கிறது. அதன் பேர் பசளை.

மியூரியேட் ஒஃப் பொட்டாஷ் என்கிற சிவப்புப் பசளை ஒரு குளோரைட் உப்பு. இரும்பைப் பொறுத்தவரை ரோட்டில் போடும் உப்புக்கு அது சொந்தக்காரன். சல்பேட் ஒஃப் அமோனியாவும் ஈரத்தில் கரைந்தால் அமிலத்தன்மை காட்டும். பசளை மூட்டை கிழிந்து, கெப்பின் தட்டில் கொட்டி, தட்டின் இடுக்கு வழியாகக் கீழே இறங்கி, பின் அச்சின் மேலே உட்காருகிறது. அதன்மேல் மழை. இரத்தினபுரியில் வருடத்துக்கு 3500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. காய்வதற்கு நேரமே இல்லை. கொழுந்து மட்டும் ஏற்றுகிற கெப்பையும் பசளை ஏற்றுகிற கெப்பையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் கீழே பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

இறப்பர் தோட்டத்தில் கதை வேறு. கேகாலைப் பக்கம், எட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, ருவன்வெல்லை வழியாகப் பால் ஏற்றுகிற கெப்புகளில் இரண்டு திரவம் கூடவே போகும். பாலை உறைய வைக்க ஃபோமிக் அமிலம், உறையாமல் வைக்க அமோனியா. அமிலம் இரும்பைத் தின்னும். அமோனியா இரும்பை ஒன்றும் செய்யாது, ஆனால் செம்புக்கும் பித்தளைக்கும் அது எமன். இறுக்கிப் பூட்டிய பித்தளைச் சாமானில் மயிரிழை வெடிப்பு உண்டாக்கும். எந்தப் பைப் வாங்குவது என்று முடிவு செய்யும்போது இதை மறக்காதீர்கள்.

வெள்ளத்தில் நின்ற வாகனம் என்றால் தனி எச்சரிக்கை. களுகங்கை பெருகிய 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் இரத்தினபுரிப் பக்கத்தில் எத்தனையோ வாகனங்கள் நீரில் மூழ்கின. அப்படி நின்ற கெப்பை வாங்கியிருந்தால், பிரேக் ஒயிலை முழுக்க மாற்றியாயிற்றா, கிளிப்புகளைக் கழற்றிச் சுத்தம் செய்தாயிற்றா என்று விற்றவரைக் கேளுங்கள். என்ன பதில் சொன்னாலும் நீங்களும் ஒருமுறை செய்துவிடுங்கள்.

எந்த உலோகம்

சாதாரண கெப்புக்குரிய பைப் 3/16 அங்குலம், அதாவது 4.75 மில்லிமீற்றர் வெளிவிட்டம். சில வாகனங்களில் சில இடத்தில் 1/4 அங்குலம் வரும். வேர்னியரால் அளந்து பாருங்கள், கண்மதிப்பு போதாது. துரு ஏறிய இடத்தில் அளந்தால் பிழையாக வரும், நட்டுக்குப் பக்கத்தில் சுத்தமான இடத்தில் அளவு எடுங்கள்.

பிரேக் பைப் என்று விற்கப்படுகிற இரும்புக் குழாய், தகட்டை இரண்டு சுற்றுச் சுற்றிச் செம்பால் உருக்கி ஒட்டிய இரட்டைச் சுவர்க் குழாய். எஸ்.ஏ.ஈ. ஜே527 என்ற தரக் குறிப்பு அதற்குரியது. பெடலை ஓங்கி மிதித்தால் குழாயின் உள்ளே ஒரு சதுர அங்குலத்துக்கு 1000 இறாத்தலுக்கு மேல் அழுத்தம் ஏறும். டீசல் பைப், கிரீஸ் பைப், தண்ணீர் பைப் எதுவும் இதற்குப் பதிலாகாது. பூச்சுப் பூசிய இரும்புப் பைப்பே தேயிலைத் தோட்டத்துக் கெப்புக்குப் போதும், விலையும் தாங்கும். வளைக்கும்போது பூச்சு வெடித்த இடத்தில் பெயின்ட் தடவிவிடுங்கள்.

செம்பும் நிக்கலும் கலந்த குழாய் அதைவிட நல்லது. பத்தில் ஒரு பங்கு நிக்கல். துருவே பிடிக்காது, கையாலேயே வளையும், வாய் மடிப்பதும் இலகு. வொல்வோ நிறுவனம் 1976இலிருந்து தன் கார்களில் இதைத்தான் பூட்டியது. கிடைத்தால் பசளைக் கெப்புக்கு வாங்குங்கள், விலையைப் பார்க்க வேண்டாம். ஆனால் அமோனியாப் பீப்பாய் ஏற்றுகிற கெப்புக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். நிக்கல் கலந்தது பித்தளையைவிட அமோனியாவைத் தாங்கும் என்பது உண்மைதான். என்றாலும் தினம் பால் சிந்துகிற தட்டுக்குக் கீழே பூச்சுள்ள இரும்புப் பைப்பும் இரும்பு நட்டும்தான் என் தெரிவு. அங்கே பித்தளை நட் கண்டிப்பாக வேண்டாம்.

இனி, ஒவ்வொரு டவுனிலும் கிடைக்கிற ஒரு சாமான்: ஃபிரிட்ஜ் திருத்துகிற கடையின் சுத்தச் செம்புக் குழாய். விட்டமும் அதே 3/16 அங்குலமாக இருக்கும். பளபளவென்று இருக்கும். பாஸும் "இது துருவே பிடிக்காது" என்பார், அதுவும் பொய்யில்லை. ஆனால் சுத்தச் செம்பு அதிர அதிர விறைத்துப்போகும், விறைத்த இடத்தில் வெடிக்கும். தோட்டத்துக் கல்ரோட்டில் அதிர்வுக்கா பஞ்சம்! செம்பு நிக்கல் குழாயும் செம்புக் குழாயும் தூரத்தில் பார்த்தால் ஒன்றுபோல் இருக்கும். நிக்கல் கலந்தது சற்று மங்கலாக, சாம்பல் சாயலோடு இருக்கும். ஆனாலும் நிறத்தை நம்பி வாங்காதீர்கள். சுருளில் கட்டியிருக்கும் அட்டையில் எஸ்.ஏ.ஈ. ஜே1047 அல்லது ஏ.எஸ்.டி.எம். பி466 என்று இருக்கிறதா பாருங்கள். அட்டை இல்லாத சுருள் என்றால் இரும்புப் பைப்புக்கே போய்விடுங்கள்.

வாயும் புரியும்

தேடுவதில் ஆட்கள் தோற்றுப்போகிற இடம் இதுதான். குழாய் சரியாக இருந்து வாயோ புரியோ பிழைத்தால் பைப் பூட்டும்போது பூட்டும், மலையில் இறங்கும்போது கழன்றுவிடும்.

பைப்பின் வாய் இரண்டு விதமாக மடிக்கப்படும். ஒன்று, குழாயின் விளிம்பை உள்ளே மடித்து, இரட்டைத் தடிப்பாக 45 பாகையில் விரித்த வாய். ஜப்பான் கெப்புகளில் பெரும்பாலும் இது. மற்றது, விளிம்பைக் காளான் தலைபோல வெளியே உருட்டியது. ஐரோப்பிய வாகனங்களில் வரும். ஒன்றின் இடத்தில் மற்றதைப் பூட்டினால் ஒருநாளும் ஒயில் நிற்காது. எவ்வளவு இறுக்கினாலும் கசியும், இன்னும் இறுக்கினால் நட் உடையும். மூன்றாவது ஒன்றும் உண்டு, அதைத்தான் தவிர்க்க வேண்டும்: மடிக்காமல் ஒரே தடிப்பாக விரித்த வாய். ஃபிரிட்ஜ் கடைக்காரரின் கருவி அதைத்தான் செய்யும். பிரேக் அழுத்தத்தில் அந்த வாய் பிளந்துபோகும்.

ஜப்பான் வாகனத்தின் நட் பெரும்பாலும் எம்10, ஒரு மில்லிமீற்றர் இடைவெளிப் புரி. பழைய லேண்ட் ரோவர்களிலும் அமெரிக்க வாகனங்களிலும் அங்குலக் கணக்கில் 3/8, அங்குலத்துக்கு 24 புரி. கையில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றே என்று சத்தியம் செய்வீர்கள். ஒன்று 10 மில்லிமீற்றர், மற்றது ஏறத்தாழ 9.5. அங்குல நட்டை மில்லிமீற்றர் துளையில் விட்டால் தளர்வாக உள்ளே போகும், கடைசியில் பிடித்ததுபோல் காட்டும், அழுத்தம் ஏறியதும் புரியை உரித்துக்கொண்டு வெளியே வரும். ஆகவே புது நட்டை முதலில் விரலால் மட்டும் முறுக்குங்கள். நாலைந்து சுற்று ஆட்டம் இல்லாமல் இலகுவாகப் போக வேண்டும். ஆடினாலும் வேண்டாம், இறுகினாலும் வேண்டாம். பழைய நட்டுகள் நல்ல நிலையில் இருந்தால் அவற்றையே கழுவிப் புதுப் பைப்பில் போடுவது எல்லாவற்றிலும் பாதுகாப்பு. பாஸ் வாயை மடிப்பதற்கு முன் நட்டைக் குழாயில் கோர்த்தாரா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், நல்ல பாஸ்மாரும் இதை மறப்பதுண்டு.

நட்டைக் கழற்றுவதற்கு ஓப்பன் ஸ்பேனர் போட்டால் மூலை உருண்டுவிடும். பைப் நுழைய வாயில் வெட்டு விட்ட ரிங் ஸ்பேனர் இருக்கிறது; ஜப்பான் கெப்புக்கு அநேகமாக 10 மில்லிமீற்றர் அளவே போதும். வேலை செய்ய எண்ணமில்லை என்றாலும் இந்த ஒரு ஸ்பேனரை வாங்கி வண்டியில் வையுங்கள். எல்லாக் கராஜிலும் அது இருப்பதில்லை. முதல்நாள் இரவே நட்டுகளில் துரு இளக்கும் ஒயில் விட்டு ஊறவைத்தால் மறுநாள் பாதிச் சண்டை மிச்சம்.

நீளத்துக்குப் பழைய பைப்பை முழுதாகக் கழற்றி எடுப்பது நல்லது. வெட்டித்தான் எடுக்க முடியும் என்றால், வெட்டுவதற்கு முன் தடித்த கட்டுக்கம்பி ஒன்றை அதன் வளைவுகளோடு வளைத்து அச்சு எடுத்துவிடுங்கள். இரண்டு வாயும் மடிக்க ஓர் அங்குலமாவது கூட்டி வெட்டச் சொல்லுங்கள். பஸ்ஸில் கொண்டுபோவதற்கும் கம்பி அச்சே வசதி. நீளப் பைப்பைக் கூட்டத்தில் கொண்டுபோய் நசுக்கிக்கொள்ள வேண்டாம்.

எங்கே போவது

முதலில் உங்கள் டவுன். இரத்தினபுரி, பலாங்கொடை, கேகாலை, மாவனல்லை, அவிசாவளை போன்ற டவுன்களில் லொறி வேலை செய்கிற பெரிய கராஜைப் பிடியுங்கள். கார் கராஜைவிட லொறி பாஸ்மார் பைப் வேலையில் கைதேர்ந்தவர்கள், ஏனென்றால் லொறிக்கு ஆயத்தப் பைப் ஒருநாளும் வந்ததில்லை. போனதும் ஒரு கேள்வி கேளுங்கள்: "பாஸ், இரண்டு மடிப்பு வாய் அடிக்கிற டூல் இருக்கா?" இருந்தால், வீணான துண்டு ஒன்றில் ஒரு வாய் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். வாய் வட்டமாக, நடுவில், வெடிப்பில்லாமல் இருந்தால் உங்கள் தேடல் அங்கேயே முடிந்தது. கொழும்புக்குப் போகவே வேண்டாம். டூல் எங்கே என்று தேட ஆரம்பித்தால் வணக்கம் சொல்லிவிட்டு அடுத்த இடம் பாருங்கள். சிங்களக் கடை, தமிழ்க் கடை, முஸ்லிம் கடை எங்கேயும் "பிரேக் பைப்" என்றாலே புரியும். பழைய துண்டைக் கையில் காட்டினால் பேச்சே தேவைப்படாது.

இரண்டாவது, ஏஜென்ட். டொயோட்டாவுக்கு டொயோட்டா லங்கா, மிட்சுபிஷிக்கு யுனைட்டட் மோட்டர்ஸ், இசுஸுவுக்கு சதொச மோட்டர்ஸ், டாட்டாவுக்கும் அதன் பட்டா லொறிக்கும் டிமோ, மஹிந்திராவுக்கு ஐடியல் மோட்டர்ஸ். இரும்புப் பைப்புக்காக இவர்களிடம் போக வேண்டியதில்லை. இறப்பர் ஹோஸுக்காகப் போகலாம். போகும்போது செசி இலக்கம் முழுதாக எழுதிக்கொண்டு போங்கள். மொடல் வருடம் மட்டும் சொன்னால் இரண்டு மூன்று விதம் வரும். டூ வீலா ஃபோர் வீலா என்பதைப் பொறுத்தே ஹோஸ் நீளம் மாறும்.

மூன்றாவது, பஞ்சிகாவத்தை. இரத்தினபுரியிலிருந்து சுமார் 100 கிலோமீற்றர். கொழும்பில் மருதானைக்குப் பக்கத்தில், தெரு முழுக்க உதிரிப்பாகக் கடை. டவுனில் கிடைக்காத நட், டி பீஸ், செம்பு நிக்கல் சுருள், டூல் எல்லாவற்றுக்கும் கடைசி நம்பிக்கை அதுதான். அங்கே போனால் ஒரு வாகனத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கி வராதீர்கள். தோட்டத்தில் இன்னும் இரண்டு மூன்று கெப் இருந்தால் சேர்ந்து ஒரு முழுச் சுருளும் ஒரு பை நிறைய நட்டும் எடுத்தால் எல்லாருக்கும் காணும். தெரிந்த கடை ஒன்று பிடித்துவிட்டால் அடுத்த முறை போகவும் வேண்டியதில்லை. படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பி, பணத்தை வங்கியில் போட்டால், சாமானைப் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார்கள். பலாங்கொடைக்கு 99ஆம் இலக்க பதுளை பஸ், கேகாலைக்கு 1ஆம் இலக்க கண்டி பஸ். வண்டி இலக்கத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு, நேரத்துக்கு ரோட்டில் நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

ஜப்பானிலிருந்து வெட்டி வந்த வாகனத்தில் கழற்றிய பழைய பைப்பையும் காட்டுவார்கள். ஒரிஜினல், வளைவுகூட அப்படியே இருக்கும், ஆசையாகவும் இருக்கும். ஜப்பானின் வடக்கிலும் பனி ரோட்டுக்கு உப்புப் போடுகிறார்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வாகனம் எங்கே ஓடியது என்று விற்பவருக்கே தெரியாது.

இறப்பர் ஹோஸ்

செசிக்கும் சில்லுக்கும் நடுவே ஆடுகிற இடத்தில் இறப்பர் ஹோஸ் இருக்கும். முன்னால் இரண்டு, பின் அச்சுக்கு ஒன்று. இதைச் செய்விக்கக்கூடாது, வாங்க வேண்டும். ஜே.சி.பி. இயந்திரங்களுக்கு ஹைட்ராலிக் ஹோஸ் அழுத்திக் கொடுக்கிற கடைகள் உண்டு. அவர்கள் பிரேக்குக்கும் செய்து தருகிறோம் என்பார்கள். அந்த ஹோஸின் உட்பக்கம் மினரல் ஒயிலுக்காகச் செய்தது, பிரேக் ஒயிலுக்காக இல்லை.

புது ஹோஸின் உடம்பில் செய்தவன் பேரும் எஸ்.ஏ.ஈ. ஜே1401 என்ற குறிப்பும் அச்சடித்திருக்க வேண்டும். பெட்டியில் மட்டும் இருந்தால் போதாது. டொயோட்டா ஒரிஜினல் ஹோஸ்களின் பார்ட் இலக்கம் பலவற்றில் 90947 என்று தொடங்கும். பழையதன் இலக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கடையில் பத்து வருடம் தொங்கிய ஹோஸும் புது ஹோஸ் என்றுதான் விற்கப்படும். மடித்துப் பார்த்தால் மேலே சிறு கோடுகள் தெரிந்தால் திருப்பிக் கொடுங்கள். கழற்றிய பழைய ஹோஸை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

ஹோஸ் வெளியே நன்றாக இருந்து உள்ளே வீங்கி அடைபடுவதும் உண்டு. பெடலை விட்ட பிறகும் ஒரு சில்லு பிடித்துக்கொண்டே இருந்து சூடாகும். பாஸ் கலிப்பரைக் கழற்றிச் சுத்தம் செய்வார், இரண்டு வாரத்தில் திரும்ப வரும். அப்போது ஹோஸை மாற்றிப் பாருங்கள். கலிப்பரோடு போல்ட் போட்டுப் பூட்டுகிற ஹோஸ் என்றால் இரண்டு பக்கச் செம்பு வொஷரும் புதியதாக இருக்க வேண்டும். பூட்டிய பின் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, ஹோஸ் முறுக்காமலும் டயரில் உரசாமலும் இருக்கிறதா என்று பாருங்கள்.

பைப் வரும்வரை

வீதியில் பைப் வெடித்தால் நம்மூரில் ஒரு வைத்தியம் நடக்கும். வெடித்த பக்கத்துப் பைப்பை மடித்து, சுத்தியலால் அடித்து அடைத்துவிட்டு, மீதி மூன்று சில்லின் பிரேக்கோடு ஓட்டுவது. நடுரோட்டிலிருந்து ஓரத்துக்கு எடுக்க அது சரி. இறக்குவானையிலிருந்து புலுத்தொட்ட வளைவுகளில் இறங்கவோ, பலாங்கொடையிலிருந்து பொகவந்தலாவைப் பக்கம் ஏறி இறங்கவோ சரியில்லை. பித்தளை இணைப்பு ஒன்றில் இரண்டு துண்டையும் செருகி இறுக்குவதும் அப்படியே. அந்த இணைப்பு தண்ணீருக்கும் டீசலுக்கும் உரியது. வெல்டிங், ஈயம் வைத்தல் பற்றிப் பேசவே வேண்டாம். கொழுந்து மூட்டையின் மேல் ஆட்களும் ஏறி வருகிற வாகனம் இது.

இன்றைய கெப்புகளில் பிரேக் இரண்டு சுற்றாகப் பிரிந்திருக்கும், முன் இரண்டும் ஒன்று, பின் இரண்டும் ஒன்று. பின் பைப் வெடித்தால் பெடல் ஆழமாகப் போகும், ஆனால் முன் பிரேக் பிடிக்கும். பழைய சீரிஸ் லேண்ட் ரோவர்கள் பலவற்றில் ஒரே சுற்றுத்தான். ஓர் இடம் போனால் எல்லாம் போகும். இறக்கத்தில் அப்படி நேர்ந்தால் பெடலைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டே கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். ஹேண்ட் பிரேக்கை ஒரேயடியாக இழுக்காமல் விட்டு விட்டு இழுங்கள். எஞ்சினை நிறுத்திவிடாதீர்கள், பூஸ்டரின் உதவியும் போய்விடும். கடைசி வழி, பள்ளத்தை விட்டு மேட்டுப் பக்கத்து மண்ணில் உரசி நிறுத்துவது.

பூட்டுவதும் காற்று எடுப்பதும்

புதுப் பைப்பைப் பூட்டுமுன் உள்ளே காற்று ஊதிச் சுத்தம் செய்யுங்கள். வெட்டிய தூள் உள்ளே இருந்தால் மாஸ்டர் சிலிண்டரின் வொஷருக்குக் கேடு. பழைய கிளிப்புகள் இருந்த அதே இடங்களில் எல்லாம் பிடிக்க வேண்டும். "நாலு கிளிப்பில் ரெண்டு போதும்" என்று பாஸ் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சைலன்சருக்குப் பக்கத்தில் போக விடாதீர்கள்.

ஒயில் எது என்று தாங்கியின் மூடியிலேயே எழுதியிருக்கும், டொட் 3 அல்லது டொட் 4. டொட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை சூட்டில்தான் கொதிக்கும். நீர் உறிஞ்சிய பிறகு 140 பாகைக்கு இறங்கிவிடலாம். டொட் 4க்கு 230, 155. இந்த ஒயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சுகிற சாதி. நம் பக்கத்துக் காற்றில் திறந்த போத்தல் ஒரு மாதம் இருந்தாலே கெட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே சின்ன போத்தலாக, சீல் உடைக்காததாக வாங்குங்கள். கடையில் உதிரியாக அளந்து ஊற்றித் தந்தால் வேண்டாம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுக்க மாற்றினால் பைப் உள்ளிருந்து துருப்பிடிப்பதும் குறையும். பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீரால் கழுவுங்கள். எஞ்சின் ஒயிலையோ பவர் ஸ்டியரிங் ஒயிலையோ அவசரத்துக்குச் சிறிது ஊற்றினால்கூட, உள்ளே இருக்கிற அத்தனை இறப்பரும் வீங்கி, முழு பிரேக்கும் மாற்ற வேண்டிவரும்.

காற்று எடுக்க இரண்டு பேர் வேண்டும். மாஸ்டர் சிலிண்டருக்கு அதிக தூரத்தில் உள்ள சில்லில் தொடங்குங்கள்; நம் வலப்பக்க ஸ்டியரிங் வாகனத்தில் அது பின் இடது. பிறகு பின் வலது, முன் இடது, கடைசியில் முன் வலது. ஒருவர் பெடலை மெதுவாக மிதித்துப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து, ஒயிலில் நுனி அமிழ்ந்த கண்ணாடி ட்யூப் வழியே குமிழி வருவதைப் பார்த்து, பெடல் மேலே வருமுன் மூட வேண்டும். பின் அச்சில் சுமைக்கு ஏற்ப அழுத்தம் மாற்றுகிற வால்வு உள்ள கெப்புகளில் அந்த வால்விலும் ஒரு நிப்பிள் இருக்கலாம். அதை மறந்தால் பெடல் பஞ்சுபோலவே நிற்கும், பாஸ் மாஸ்டர் சிலிண்டரைக் குறை சொல்வார். இடையில் தாங்கியைக் காலியாக விட்டால் எல்லாம் முதலிலிருந்து.

முடிந்ததும் எஞ்சினை ஓடவிட்டு, பெடலை முழுப் பலத்தோடு ஒரு நிமிடம் மிதித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் கீழே போய் ஒவ்வொரு நட்டையும் உலர்ந்த தாளால் துடைத்துப் பாருங்கள். தாளில் ஈரம் பட்டால், நட்டைக் கண்மூடித்தனமாக இறுக்காமல் கழற்றி வாயைப் பாருங்கள். முதல் ஓட்டம் சமதரையில், சுமை இல்லாமல். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை தாளோடு கீழே போங்கள். வருடா வருடம் எடுக்கிற புகைச் சான்றிதழ் பிரேக்கைப் பார்ப்பதில்லை. இந்தச் சோதனையை உங்களுக்காக வேறு யாரும் செய்ய மாட்டார்கள்.

பசளை ஏற்றின அன்று மாலையே தட்டையும் அதன் அடியையும், பின் அச்சின் மேற்பக்கத்தையும் நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். தட்டில் மேலாகத் தண்ணீர் விட்டால் பசளை கரைந்து கீழேதான் இறங்கும்; கீழிருந்து மேல்நோக்கிப் பீய்ச்சுங்கள். அமிலக் கேனுக்கும் அமோனியாப் பீப்பாய்க்கும் கீழே விளிம்புள்ள பிளாஸ்டிக் தட்டம் ஒன்று வைத்தால் சிந்தியது அதிலேயே நிற்கும். துருவுக்கு மருந்து என்று சிலர் கழிவு எஞ்சின் ஒயிலைச் செசி முழுக்க அடிக்கிறார்கள். இரும்புக்கு அது நல்லதுதான், ஆனால் இறப்பர் ஹோஸை ஊறவைத்துக் கெடுத்துவிடும். அடித்தே ஆக வேண்டும் என்றால் மூன்று ஹோஸையும் முதலில் பொலித்தீனால் சுற்றிக் கட்டிவிட்டு, வேலை முடிந்ததும் அதை மறக்காமல் அவிழ்த்துவிடுங்கள்.